ஞாயிறு கேட்க

நம் ஆபீஸ் போர்டில் என் பேருக்கு மேலே இன்னும் இருக்கிறவளுக்கு,

இன்றைக்குக் காலை வக்காலத்து பாரம் தேடி உன் மேசையின் கீழ் டிராயரை இழுத்தேன். உன் பழைய கேஸ் டைரி கைக்கு வந்தது. அட்டையில் நீ டீ டம்ளர் வைத்த வட்டம் அப்படியே இருக்கிறது. நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷமாகிறது. உன் கேஸ் கட்டுகளை அந்த மாதமே என் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டேன், டைரியை மட்டும் எடுக்கவில்லை. வாய்தா தேதியெல்லாம் போனிலேயே வருகிறது, இது எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த மெத்தனத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

மஞ்சுளாவை உனக்கு நினைவிருக்கும். பேரிகை கிராமத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கைக் கேட்டு அண்ணன்கள் மேல் வழக்குப் போட்டவள். இங்கே ஓசூரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. உன் கட்சிக்காரி, உனக்குப் பிறகு என்னிடம் வந்தாள். போன திங்கட்கிழமை அவள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய நாள். தேதியை நான் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரே ஒரு தடவை போன் பண்ணினேன், அவள் எடுக்கவில்லை. மத்தியானம் அவள் திரும்பக் கூப்பிட்டபோது நான் கிருஷ்ணகிரி கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் மறந்தே போனேன். திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் கொடுத்தாயிற்று என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

நான் அவளிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று நாளை ஓட்டிவிட்டேன். நேற்றுக் காலை மட்டும் அவளிடமிருந்து ஏழு அழைப்புகள். அண்ணன்கள் வாயாலேயே தெரிந்துகொண்டிருப்பாள். இன்றைக்கு நம் குமாஸ்தா வந்து தயங்கித் தயங்கி, பார் கவுன்சில் விலாசம் என்னவென்று மஞ்சுளா தனக்குப் போன் பண்ணிக் கேட்டதாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பதிலைக்கூட மனசுக்குள் தயார் பண்ணிவிட்டேன். நான் போன் பண்ணினேன், கட்சிக்காரர் எடுக்கவில்லை, அதற்கு என் போனே சாட்சி.

அந்த நேரத்தில்தான் உன் டைரியைப் பிரித்தேன். வழக்கு எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏ, பி, சி என்று ஒற்றை எழுத்துகள். யார் எந்த ஷிப்ட் என்கிற உன் கணக்கு. கம்பெனிக்குள் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், ஏ ஷிப்ட்காரரை ரெண்டு மணிக்கு மேல்தான் பிடிக்க முடியும் என்பாய். கோர்ட் வராண்டாவில் நின்றபடி, பஸ் கிளம்பும் நேரம் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாய். ஒருவரிடம் கன்னடம், அடுத்தவரிடம் தெலுங்கு. வெறும் வாய்தா போட்டிருந்தாலும் கூப்பிடுவாய். நீ வக்கீலா, கம்பெனி டைம்கீப்பரா என்று நான் எத்தனை கிண்டல் செய்திருப்பேன். ‘ஒண்ணும் நடக்கலைன்னா, ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லணும்டி. நாம சொல்லலைன்னா அவங்களா எதையாவது நெனச்சிக்குவாங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரை அழுத்துவாய்.

உனக்கும் ஒரு தடவை சறுக்கியது. ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரரின் அப்பீலுக்குக் கடைசி நாள் தப்பிவிட்டது. அன்று மத்தியானமே என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மண்டிக்கே போனாய். கூடைகளுக்கு நடுவில், கூலியாட்கள் பார்க்க, மனிதர் கால் மணி நேரம் திட்டினார். போதும் வா என்று நான் உன் கையை இழுத்தேன், நீ அசையவில்லை. திரும்பும்போது உன் கை நடுங்கிச் சாவி ஸ்கூட்டரில் நுழையவேயில்லை. ‘திட்டி முடிச்சிட்டாரு. இனிமே என்ன பண்ணலாம்னு பேசுவாரு’ என்றாய். மறுநாள் அவர் வந்தார். உன் தைரியத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்த நடுக்கம்தான் இன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

மஞ்சுளாவின் வழக்குக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை எழுத்து இல்லை. ‘ஷிப்ட் வாரா வாரம் மாறும். ஞாயிறு கேட்க’ என்று எழுதியிருந்தாய்.

அவள் அழைத்த ஏழு முறையும் பன்னிரண்டு மணிக்கு முன்னால். அப்படியானால் இந்த வாரம் மத்தியானம் தொடங்கும் பி ஷிப்ட். போன வாரம் ஏ ஷிப்ட், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் போன் லாக்கரில் இருந்திருக்கும். வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்கும் மனுவை அவசரமாகத் தட்டச்சு செய்தேன். அதற்கு முப்பது நாள் இருக்கிறது, ஆனால் அவள் கையெழுத்து வேண்டும். ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். யூனிபார்மோடு, டிபன் பையோடு வரிசையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். பதினொரு மணி போனைப் பற்றி வாயெடுக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

‘திங்கக்கெழம நான் பி ஷிப்ட் மேடம். காலையில சும்மா வீட்லதான் இருந்தேன். துணி தொவச்சிட்டு இருந்தேன்’ என்றாள்.

மனுவை நீட்டினேன். கையெழுத்துப் போடவில்லை. தெரிந்தவர்களிடம் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

‘அந்த மேடம் ஞாயித்துக்கெழம ஆனா போன் பண்ணுவாங்க. எந்த ஷிப்ட்டுன்னு கேப்பாங்க.’

‘நானும் பண்றேன்’ என்றேன். அவள் உள்ளே ஏறிவிட்டாள்.

இன்று வியாழன். புகார் வருமா, மனு கையெழுத்தோடு வருமா, எதுவும் தெரியாது. உன் டைரியை டிராயரில் திரும்ப வைக்க மனம் வரவில்லை, என் கைப்பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடுவேன். அவள் எடுக்க வேண்டுமே என்றுதான் பயமாக இருக்கிறதடி.