அரைப்படிச் சீட்டு

திருப்பனந்தாள்
18.6.1993

அன்பு மகள் மலர்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பசு, கன்று எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாக இருந்து, டூட்டி முடிந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகு இதைப் படி, நின்றுகொண்டு படித்தால் சிரித்துக் கீழே விழுந்துவிடுவாய்.

அங்கே கடைகளில் சாமான் வாங்கினால் பாயிண்ட் தருகிறார்கள், அதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள், நம் மளிகைக் கடையிலும் வையுங்கள் என்று எழுதியிருந்தாயே, வைத்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய கடை வந்ததிலிருந்து நமக்கு வியாபாரம் மந்தம், அதனால் அப்பா உடனே சரி என்றார். ஐம்பது ரூபாய்க்கு ஒரு சீட்டு, பத்துச் சீட்டு சேர்ந்தால் அரைப்படி பொன்னி அரிசி சும்மா. பேர்தான் அகப்படவில்லை. அப்பா உன் பேரில் 'மலர்' என்றார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் துரைக்கண்ணு அண்ணன் 'புரட்சிப் புள்ளி' என்றார், புளி வாங்க வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்றேன். அப்புறம் பருப்பு அளந்துகொண்டே, யோசிக்காமல், "அரைப்படின்னு வையுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். நீ என் வயிற்றில் இருந்த வருஷம் கலம் நெல்லுக்கு அரைப்படி கூலி கூடுதலாகக் கேட்டு அறுப்பை நிறுத்தினோம், பெரிய பண்ணையார் வெளியாளை இறக்கினார், அப்பா நாற்பது நாள் ஜெயிலில் இருந்தார், அந்த அரைப்படி கிடைக்கவே இல்லை. அப்பா சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, "நமக்குக் குடுக்காதத நாமளே குடுப்போம்" என்றார். அச்சாபீஸ் பக்கீர் முகம்மது பாய் "அரைப்படிதானே, சரியாச் சொல்லுங்க" என்று இரண்டு தரம் கேட்டு மஞ்சள் அட்டையில் அடித்துக் கொடுத்தார்.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. பண்ணை வீட்டு மாதச் சாமான் நம் கடையில்தானே, அது நின்றால் கடையே ஆடிப்போகும். பண்ணையார் மகன் காயாரோகணம் சீட்டு வந்த அன்றைக்குப் பார்த்து, ஆளை அனுப்பாமல் தானே வந்தார். அப்பா நானூற்றைம்பது ரூபாய்ச் சாமானோடு அதற்கான ஒன்பது சீட்டையும் நீட்டினார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த அரைப்படி ரெத்தினம்?" என்றார். அப்பா தலையைக் குனியவில்லை, "நாங்க அன்னைக்குக் கேட்ட அரைப்படிதாங்க" என்றார். அவர் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் அந்த வீட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட ஆள் வரவில்லை. பேர் வைத்த என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

நேற்றுக் காலை, கடை நிறையச் சனம், அவரே வந்தார். எண்ணெய் வாங்கிப் பத்தாவது சீட்டையும் சேர்த்தார். மேஜையில் பத்தையும் விசிறி மாதிரி விரித்து வைத்து, எல்லோருக்கும் கேட்க, "ரெத்தினம் அண்ணே, எங்க வீட்டு அரைப்படியக் குடுங்க" என்றார். அண்ணே என்றாரடி! அவர் அப்பா உன் அப்பாவை வாடா போடா தவிர வேறு வார்த்தையால் கூப்பிட்டதில்லை. கடையே கைதட்டியது, அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். உன் அப்பா படியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றார், நான்தான் வாங்கி, குவியக் குவிய அளந்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. ஊர்த் தெய்வம் உன்னைக் கண்போலக் காக்கட்டும், நீ தொட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும். தீபாவளிக்கு லீவு கேட்க மறந்துவிடாதே, இந்தக் கதையை உன் அப்பா நடித்துக் காட்டுவதை நீ நேரில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சந்தோஷத்தில் கையெழுத்துக் கோணிப்போன உன் அம்மா,
ரெ. பொன்னுத்தாய்