சமர்ப்பணம் பின்னர் வரும்

மார்ச் 4

ஒப்பந்தம் வந்துவிட்டது. பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து ஊரார் ரத்தத்தை எடுத்து எடுத்துச் சலித்த கை. பாதிக்கு மேல் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருஷம் சமையலறை மேசையில் எழுதிய நாவல் ஒருவழியாக ஒரு பதிப்பகத்துக்குப் பிடித்திருக்கிறது. துள்ளிக் குதிக்க வேண்டும். கால் வலிக்கிறது.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "நல்லது" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி நின்று, "முதல் பக்கத்துல சமர்ப்பணம்னு போடுவாங்களே, அது எனக்குத்தானே?" என்றார். கேலியா, நிஜமா? இவர் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். நான் எழுதியதில் ஒரு வரி படித்ததில்லை, சமர்ப்பணம் மட்டும் வேண்டுமாம்.

மார்ச் 29

எப்போது புத்தகம் வரும் என்று எடிட்டரைக் கேட்டேன். "எல்லாம் சரியா நடந்தா அடுத்த வருஷம் நடுவுல மேடம்." சின்னப் பெண். அவளுக்கு ஒரு வருஷம் என்பது ஒன்றுமே இல்லை.

ஜூன் 17

எடிட்டரின் குறிப்புகள் வந்தன. கதை இரண்டாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறதாம். முதல் அத்தியாயம்? "நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா தேவையில்ல." என்னைப் பற்றிக் கேட்டால் இந்த வீட்டிலும் இதே பதில்தான் வரும்.

ஜூன் 30

எடுத்துவிட்டேன். கதை நன்றாக ஆகியிருக்கிறது. அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 8

மூன்றாவது முறையும் திருத்தி அனுப்பியாயிற்று. இனி என் நாவலை என்னையே படிக்கச் சொன்னால் அழுதுவிடுவேன்.

"சமர்ப்பணம் யாருக்கு மேடம்?" என்று எடிட்டர் கேட்டாள். பிறகு தருகிறேன் என்றேன். யாருக்கு? இவருக்கென்று எழுதிப் பார்த்தேன். பொய்ச்சாட்சி சொல்வதுபோல இருந்தது, அடித்துவிட்டேன். யாருக்கும் வேண்டாமென்று விட்டுவிட்டால் இவர் ஏன் என்று கேட்பாரா? கேட்கமாட்டார். இவர் எதையும் கேட்கமாட்டார், அதுதானே என் வியாதி.

நவம்பர் 21

அட்டைப்படம் வந்தது. ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். என் கதையில் அவளுக்கு ஜன்னலோரம் நிற்க எங்கே நேரம்? கேட்டேன். விற்பனைப் பிரிவுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். சரி, அவளாவது நிற்கட்டும்.

ஜனவரி 10

எடிட்டர் வேறு வேலைக்குப் போகிறாள். "உங்க புத்தகத்தைப் பத்திரமா ஒப்படைச்சிட்டுத்தான் போறேன் மேடம்." பாதி ஆபரேஷனில் டாக்டர் மாறுகிற மாதிரி இருக்கிறது. புது எடிட்டர் ஓர் ஆண். நாம் பேசும்போது அவர் வேறு எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்கிறது.

பிப்ரவரி 2

இவர் காலை உடைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், நிறுத்தியிருந்த லாரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். ஆறு வாரம் வீட்டில். டிவியும் இவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 16

மெய்ப்பு வந்துவிட்டது. அச்சில் வரப்போகிற பக்கங்கள், கடைசியாகப் பிழை பார்ப்பதற்கு. தனியாகப் பார்க்கக் கூடாதாம், பிழையைக் கண் தானாகவே திருத்திப் படித்துக்கொள்ளுமாம். ஒருவர் மூலப்பிரதியைக் கமா, புள்ளி உட்பட உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும். "அத்தியாயம் ஒண்ணுலேருந்து பாருங்க மேடம், முன்பக்கங்கள் எங்க பொறுப்பு" என்றார் புது எடிட்டர்.

யார் வாசிப்பது? சும்மா இருக்கிற வாய் இந்த வீட்டில் ஒன்றுதான். ஆனால் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு புருஷன் வருகிறான். கதைதானே என்று சொல்லலாம். யார் நம்புவார்?

பிப்ரவரி 18

லாரி ஓட்டுகிற மாதிரியே வாசிக்கிறார். ஏற்ற இறக்கம் கிடையாது. "அவள் கதவைத் திறந்தாள் கமா வெளியே யாரும் இல்லை முற்றுப்புள்ளி." கொஞ்சம் மெதுவாக என்றேன். "இது மெதுவுதான். நீ விரலை நகர்த்து." மூலப்பிரதியிலேயே இரண்டு பிழை பிடித்துவிட்டார், பெருமை தாங்கவில்லை.

பிப்ரவரி 23

பதினோராம் அத்தியாயம்.

"அவன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தான் முற்றுப்புள்ளி கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கமா நீ சாப்பிட்டாயா என்று அவன் ஒருநாள்கூட அவளைக்—"

நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். நான் விரலை எடுக்கவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

"கேட்டதில்லை முற்றுப்புள்ளி" என்றார். அத்தியாயம் முடிகிறவரை ஒரு கமாவைக்கூட விடவில்லை.

ஏன் எழுதினேன்? எழுதாம எங்க போறது? இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே பொத்தி வச்சதை யார்கிட்ட சொல்றது? ஆனா அந்த மனுஷன் வாயாலயேவா அதைப் படிக்க வைக்கணும்? ஐயோ, பாவமா இருக்கு. கோபமாவும் இருக்கு.

பிப்ரவரி 24

இவர் பேசவில்லை. எப்போதுமே பேசாதவர் கோபித்துக்கொண்டு பேசாமலிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்துவிட்டேன்.

பிப்ரவரி 25

புது எடிட்டருக்கு போன் செய்து, பதினோராம் அத்தியாயத்தில் அரைப் பக்கம் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இப்பவா? நாலு வரி எடுத்தாலே பின்னாடி எல்லாப் பக்கமும் நகரும் மேடம். ரொம்ப அவசியமா?"

நான் பதில் சொல்வதற்குள், கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்தபடி இவர் சொன்னார்: "எதுக்கு எடுக்கணும்? அதுல பிழை ஒண்ணும் இல்லையே."

போனை வைத்தேன். பிரதியை எடுத்துக்கொண்டு, "பன்னெண்டாம் அத்தியாயம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று பக்கத்துக்கு விரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 26

மெய்ப்பு அனுப்பியாயிற்று. தூங்க வேண்டும்.

ஏப்ரல் 30

அச்சுக்குப் போய்விட்டதாம். இவரும் வேலைக்குப் போகிறார். வீடு பழையபடி.

ஜூன் 12

பெட்டி வந்தது. இவர்தான் சாவியால் டேப்பைக் கிழித்தார். ஒரு பிரதியை எடுத்து, முதல் பக்கங்களைப் புரட்டி, பழைய குரலில் வாசித்தார்: "சமர்ப்பணம் பின்னர் வரும் முற்றுப்புள்ளி."

பிடுங்கிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது, பக்கத்தின் நடுவில், அழகான எழுத்தில். பிறகு தருகிறேன் என்று நான் அன்றைக்குச் சொன்னதும், இடத்தைப் பிடித்து வைக்கப் பக்கம் வடிவமைத்தவர் போட்ட வரி. புதியவர் கேட்டு வாங்குவார் என்று பழைய எடிட்டர் இருந்துவிட்டாள், பழையவள் வாங்கியிருப்பாள் என்று புதியவர் இருந்துவிட்டார். நாங்கள் அத்தியாயம் ஒன்றிலிருந்து பார்த்தோம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இவர் சிரிக்கிறார், பல் தெரிய. "அந்தப் பக்கத்தை என்கிட்ட குடுத்திருந்தா பிடிச்சிருப்பேன்ல."

ஜூன் 13

புது எடிட்டர் மன்னிப்புக் கேட்டார். இன்று தட்டச்சுச் சத்தம் இல்லை. கிடங்கிலிருக்கிற பிரதிகளில் அந்த வரியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவார்களாம், வாசகம் இப்போதே வேண்டுமாம். பிறகு என்று சொல்ல வாய் வரவில்லை.

"கமா, புள்ளியோடு வாசித்துக்காட்டியவருக்கு" என்றேன்.

"பேர் போட வேண்டாமா மேடம்?"

"வேண்டாம். அவருக்குத் தெரியும்."

ஜூன் 27

இன்று புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. லீவு கிடைக்கவில்லை. நாள் முழுக்க ரத்தம் எடுத்தேன், ஊசியைப் பார்க்காதீங்க, அந்தப் பக்கம் பாருங்க என்று எல்லாரிடமும் சொன்னேன். யாருக்கும் எதுவும் தெரியாது. கால் வீங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன். தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன குறை என்று கேட்க இருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ சாப்பிட்டியா" என்றார், மெய்ப்பு வாசிக்கிற அதே குரலில். கேள்விக்குறியைத்தான் விட்டுவிட்டார்.

இல்லை என்றேன். எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்துவந்தார்.