ஆட்டம் இருக்கிறது என்று சொல்லி அழைத்து வந்தீர்கள்

சார்,

இன்று ஸ்டாக் சரிபார்க்கும் நாள். புதிதாக வந்திருக்கும் பி.டி. சார் விளையாட்டு அறை பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தார். காற்றடிக்கும் பம்பு, நைந்துபோன வலை, எறிகிற இரும்புக் குண்டு இரண்டு என்று ஒவ்வொன்றாக என் மேஜைக்குக் கொண்டுவந்து காட்டினார். கடைசியாக வெள்ளை நிறத்தில் ஒன்றை நீட்டி, “இதைக் கழிச்சிடலாமா மேடம்? பேட்டரி ஒழுகிப் போயிருக்கு” என்றார். நெற்றிக்கு நேராகப் பிடித்துக் காய்ச்சல் பார்ப்போமே, அந்தக் கருவி. கைப்பிடியில் பிளாஸ்திரி ஒட்டி, நீல மையில் ‘பி.டி.’ என்று எழுதியிருந்தது. உங்கள் எழுத்து.

“இருக்கட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ரிஜிஸ்டரில் அதற்கு மேல் ஒரு வரியும் எழுதக் கை ஓடவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெருந்தொற்றால் பத்து மாதம் பூட்டிக் கிடந்த பள்ளியைப் பொங்கல் முடிந்து பத்தாம் வகுப்புக்கு மட்டும் திறந்தோம். அப்போது உங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பிரேயர் கூடாது, விளையாட்டுப் பீரியடு கூடாது, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. வராந்தா நெடுக ஆறடிக்கு ஒரு வெள்ளை வட்டம் போட்டது நீங்கள்தான். கபடிக் கோடு போட வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு தீரும்வரை போட்டீர்கள். பிறகு இந்தக் கருவியோடு கேட்டில் நின்றீர்கள். மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் பயந்துகொண்டு உள்ளே வந்தார்கள். நம் பள்ளியில் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு நெற்றிக்கும் நீங்கள், “தொண்ணூத்தேழு புள்ளி ரெண்டு, நாட் அவுட்! அடுத்த ஆளு!” என்று ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். முதல் அலையில் என் அண்ணனைப் பறிகொடுத்தவள் நான். விழுப்புரத்தில் ஒரு மயானத்தின் வாசலில் நிற்க வைத்து, தூரத்தில் நீலப் பையில் சுற்றிய ஒன்றைக் காட்டி, அதுதான் என்றார்கள். அதற்குப் பிறகு பொறுப்புத் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு சர்க்குலரில் இருந்த ஒவ்வொரு வரியும் வேதமாகத்தான் தெரிந்தது. மற்ற ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை.

அதற்கு முந்தைய வருஷம் நம் பெண்கள் கபடி டீம் மாவட்டப் போட்டிக்கு விழுப்புரம் போனதை நினைத்துப் பார்க்கிறேன். பைனலில் இரண்டு பாயின்ட்டில் தோற்றோம். பஸ்ஸில் ஏழு பேரும் விசும்பிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் இறங்கிப் போய் ஒரு பை நிறைய சூடான போண்டா வாங்கி வந்தீர்கள். “இந்த வருஷம் அழுதுட்டீங்க, போவட்டும். அடுத்த வருஷம் எதிர் டீமு அழுவணும். இப்ப தின்னுங்க” என்றீர்கள். அழுதுகொண்டே முதலில் கை நீட்டியவள் சந்தியா. அடுத்த வருஷம் பள்ளியே இல்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கேட்டார்கள். நாற்பத்தொரு பிள்ளைகளில் முப்பத்திரண்டு கடிதம் வந்தது. மீதி ஒன்பது பேரையும் தேடி உங்கள் வண்டியில் ஊர் ஊராகப் போனீர்கள். பெருமுக்கல் மலையடியில் சந்தியா வீட்டுக்குப் போனபோது அவள் இல்லை. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. பத்து மாதத்தில் அவள் சம்பளத்துக்கு வீடு பழகிப்போயிருந்தது. மில் வாசலிலேயே காத்திருந்து, வேலை விட்டு வந்தவளிடம் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்களாம். “ஏய், வாடி. ஆட்டம் இருக்குது.”

திங்கட்கிழமை அவள் கேட்டில் நின்றாள். சீருடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. நீங்கள் நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, “டீச்சர், கேப்டன் வந்தாச்சு!” என்று கத்தினீர்கள்.

இரண்டு வாரம் கழித்து என் அறைக்கு வந்தீர்கள். வட்டத்துக்குள் நிற்பதுபோல் வாசலோடு நின்றுகொண்டு கேட்டீர்கள்.

“ஒரு அரை மணி நேரம் டீச்சர். ஏழு பேருதான். மாஸ்க் போட்டுக்கினே ஆடட்டும்.”

“தொடாம கபடி ஆட முடியுமா சார்?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “முடியாது” என்று ஒப்புக்கொண்டீர்கள். நானும் நீங்களும் அன்று சேர்ந்துதான் சிரித்தோம். “உங்க பயம் எனக்குப் புரியுது டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விழுப்புரத்திலிருந்து நான் வழக்கமாக வரும் ரயிலுக்கு முந்தைய ரயிலில் வந்துவிட்டேன். பள்ளிக்குப் பின்புறம் கபடி கபடி என்று மூச்சுப் பிடித்துப் பாடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஏழு பெண்களும் மண்ணில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். மாஸ்க்கெல்லாம் தாடைக்கு இறங்கியிருந்தது. நீங்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. உங்களுக்கு நினைவிருக்கும். “அறிவு இருக்கா சார் உங்களுக்கு?” என்று ஆரம்பித்தேன். இருபத்தாறு வருஷம் சர்வீஸ் ஆன ஒருவரைப் பார்த்து, பிள்ளைகள் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, “உங்க வீட்டுப் பிள்ளைன்னா இப்படி விடுவீங்களா?” என்று கேட்டேன். விசில் உங்கள் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது. “போய் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கம்மா” என்று மட்டும் அவர்களிடம் சொன்னீர்கள். எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். மதியமே கொடுத்தீர்கள். தவறு முழுவதும் என்னுடையது, மாணவியருக்கு இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அடுத்த வாரத்திலிருந்து சந்தியா வரவில்லை.

நீங்கள் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போய் வந்தீர்கள். இரண்டாவது தடவை போய் வந்த அன்று, வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். “ஆட்டம் இருக்குதுன்னு பொய் சொல்லிக் கூட்டியாந்துட்டேன் டீச்சர். இங்க வந்து பார்த்தா வட்டத்துக்குள்ள குந்திக்கினு படிக்கறதுதான். அந்தப் பொண்ணு மில்லுக்கே போயிடுச்சு. என் தப்புதான்” என்றீர்கள். உண்மையில் அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்குள் பரீட்சையே இல்லை, எல்லோரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். ஸ்டாப் ரூமில் நீங்கள்தான் எழுந்து கை தட்டினீர்கள். “நம்ம கேப்டன் பாஸு டீச்சர்! பிளஸ் ஒன்னு சேர்த்துடலாம்!” என்றீர்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் பள்ளியை மூடினோம்.

சித்திரை வெயிலில் இரண்டாவது அலை வந்தது. ஒரு நாள் காலையில் உங்கள் நம்பரிலிருந்து போன். குரல் உங்களுடையதாக இல்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்றீர்கள்.

“மூச்சு எப்படி சார் இருக்கு?”

“பாடிக்கினுதான் இருக்கேன் டீச்சர். மூச்ச விட்டா அவுட்டாச்சே.”

அந்தப் பக்கம் சிரிப்பதற்கு முயற்சி செய்தீர்கள். இருமல்தான் வந்தது. அது அடங்கியதும், “சந்தியா மார்க்‌ஷீட்டு வந்தா தனியா எடுத்து வச்சிருங்க. நான் வந்து குடுக்கறேன். அந்தப் பொண்ண மட்டும் வுட்டுடாதீங்க” என்றீர்கள்.

அப்போது சொல்லியிருக்கலாம். அன்று அப்படிக் கத்தியிருக்கக் கூடாது சார் என்று ஒரு வரி. “பேசாதீங்க சார், ரெஸ்ட் எடுங்க. வந்தப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் உங்கள் மைத்துனர் போன் செய்து, நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார். நான் வரவில்லை. யாரும் வரக்கூடாது என்றுதான் விதி. அந்த விதியின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வசதியாகவும் இருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடி பள்ளி திறந்ததும், மார்க்‌ஷீட்டை எடுத்துக்கொண்டு பெருமுக்கலுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். சந்தியா மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் மல்லாட்டைத் தோல் தூசி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

“சார் வரலையா மேடம்?”

அவளுக்குத் தெரியாது. பள்ளி மூடிக் கிடந்தது, போஸ்டர் ஒட்டவில்லை, அவளிடம் போன் இல்லை. யார் சொல்லியிருப்பார்கள்? நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா, “நல்ல மனுசன்மா. கேப்பைக் கூழு குடுத்தாகூட வாங்கிக் குடிப்பாரு” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பிறகு கேட்டேன். “ஆட்டம் இல்லன்னுதானே நீ நின்னுட்ட?”

“இல்ல மேடம்.” தலையைத் தூக்காமல் சொன்னாள். “அன்னிக்கு சாரு வேணாம்னுதான் சொன்னாரு. நாங்கதான் கெஞ்சினோம். நான்தான் பத்தே நிமிஷம் சார், பத்தே நிமிஷம் சார்னு வுடாம கேட்டேன். அப்புறம் நீங்க வந்து…” நிறுத்திக்கொண்டாள். “சாரு தலையத் தொங்கப் போட்டுக்கினு நின்னாரு மேடம். என்னாலதான. மறுபடியும் அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“இத சார்கிட்ட சொன்னியா?”

“ரெண்டாவது வாட்டி வந்தப்ப சொன்னேன். ‘நீ பண்ணதுல தப்பு இல்ல. ஆனா இத டீச்சர்கிட்ட சொல்லிடாத, அண்ணனப் பறிகுடுத்தவங்க, ஒடஞ்சி போயிடுவாங்க’ன்னாரு.”

அன்று நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து ‘என் தப்புதான்’ என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்தக் கூரை வீட்டு வாசலில்தான் புரிந்தது சார். பிள்ளையை விரட்டியது என் குரல். அது தெரிந்தும், அந்தப் பழியை நீங்கள் உங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, என்னை நிம்மதியாக உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சந்தியாவைத் திண்டிவனத்தில் பிளஸ் ஒன் சேர்த்தேன். அவள் அப்பா மூன்று வாரம் முரண்டு பிடித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் உட்கார்ந்தேன். கடைசியில், “டீச்சரம்மா தொந்தரவு தாங்கல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இப்போது விழுப்புரத்தில் காலேஜில் படிக்கிறாள். சில நாள் ரயில் நிலையத்தில் பார்ப்பேன். மறுபடி அவள் கபடி ஆடவேயில்லை. ஒருமுறை கேட்டேன். “இல்ல மேடம்” என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்கும் போனேன். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். உங்கள் மனைவி காபி கொடுத்துவிட்டு, “உங்களைப் பத்தி ஒரு நாளும் குறையா பேசினதில்ல டீச்சர்” என்றார். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த கதையே அவருக்குத் தெரியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு கட்டாகத் தளர்த்தினார்கள். இடைவெளி வேண்டாம், பெஞ்சுக்கு எத்தனை பேரும் உட்காரலாம், விளையாட்டுப் பீரியடும் நடத்தலாம் என்று சர்க்குலர் வந்தது. அப்போது உங்கள் இடத்துக்கு யாரையும் போட்டிருக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பெண்களை நானே மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். ஒருத்தி பாடிக்கொண்டு உள்ளே வந்தாள். எதிரில் இருந்த ஏழு பேரும் விலகி விலகி நின்றார்கள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தள்ளி நில், தள்ளி நில் என்று நாம் பழக்கிய பிள்ளைகள். கை நீட்டவே கூசினார்கள். வந்தவள் எல்லையைத் தாண்டித் திரும்பிப் போய், என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய், இரண்டு பிள்ளைகளின் கைகளை எடுத்துக் கோத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வரை சொல்லிக் கொடுத்தேன். தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று ஆட்டத்தைத் தடுத்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது சார். அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பி வந்தவள், வேறு எப்படி நடந்துகொண்டிருப்பேன் என்றும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் பார்க்க உங்களை அப்படிப் பேசியது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நேரில் பார்த்தவர்களில் மற்ற ஆறு பேரும் கல்யாணம், வேலை என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். இங்கே மிச்சம் சந்தியாவும் நானும்தான். பார்க்கிற நாளில் நலம் விசாரித்துக்கொள்கிறோம். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.