முசியேயின் தண்ணீர்ச் சட்டி

ஏப்ரல் 22, செவ்வாய்

வாப்பா டைரி, எப்படி இருக்கே? சௌக்கியமா? தவக்காலம் முழுக்க உன்னைத் தொடவே இல்லை, கோவிச்சுக்காதே. அப்போ எங்க ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்யாணம் இல்லாமல் பந்தல்காரனுக்கு எழுத என்ன இருக்கு? இப்போது பாஸ்கா, அதான் ஈஸ்டர், முடிந்துவிட்டது. வரிச்சிக்குடி, கோட்டுச்சேரி என்று வேலை வரிசை கட்டி நிற்கிறது. ஆனால் இன்று உட்கார்ந்தது அதற்காக இல்லை. கோபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யார் மேல் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

முசியேவுக்கு உடம்பு சரியில்லை.

முசியே எங்கள் முயல். மகள் ஜெனிட்டா ஆசையாக வளர்த்தது. கல்யாணமாகித் திருச்சிக்குப் போனாள், மாப்பிள்ளை வீட்டில் நாய் இருக்கிறது, அதனால் இவன் எங்களோடு தங்கிவிட்டான். பெயர் வைத்தவன் நான். சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் பிரெஞ்சு சர்க்கார் பென்சன் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருந்தார். வெள்ளை மீசை, வெள்ளைச் சட்டை. ஊரே அவரைப் பிரெஞ்சில் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடும். வணக்கம் சொன்னால் மூக்கை ரெண்டு தரம் சுருக்குவார், அதுதான் பதில். அவர் குடையை ஆடு தின்ற கதை ஒன்று இருக்கிறது — அது கிடக்கட்டும்.

கூண்டுக்குள் விரித்த சாக்கில் வெள்ளையாக, சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கிறது. மூத்திரம்தான். காய்ந்ததும் மாவாக உதிர்கிறது. முக்கி முக்கி உட்காருகிறான், ரெண்டு சொட்டு வருகிறது. பின்தொடையெல்லாம் நனைந்து சிவந்து போயிருக்கிறது.

வீட்டில் நானும் இருதயமேரி அக்காவும்தான். அவள் புருஷனும் போயாச்சு, என் வீட்டுக்காரியும் போயாச்சு. நான் பந்தல் போடப் போனால் பகல் முழுக்க அக்காவுக்குப் பேச்சுத் துணை முசியேதான். அவளிடம் கேட்டேன்.

“சூடுடா அடைக்கலம். இந்த வெயிலுக்கு மனுசனுக்கே கடுக்குது, அதுக்குக் கடுக்காதா?” என்றாள். பெரிய டாக்டரு இவ.

ஏப்ரல் 23, புதன்

முயலை விற்ற ஆபித் கடைக்குப் போனேன். மீன் தொட்டிக்கும் கிளிக்கூண்டுக்கும் நடுவில் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி எவ்வளவு வைக்கணும் தம்பி?”

“மொசலுக்குத் தண்ணியா? என்னா மாமா நீங்க! கீரையில இருக்குற ஈரமே போதும். தண்ணி வச்சா கழிச்சல் வந்து போயிடும். எங்க கடையில ஒரு மொசலு செத்ததில்ல, தெரியுமா?”

“அதுக்கு முன்னாடி வித்துடுவியே.”

சிரிக்கிறான். சிரிக்கிறான்பா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கூண்டில் தண்ணீர் வைத்ததே இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கால்நடை டாக்டரம்மா வெண்மதியிடம் காட்டினேன். வயிற்றை மெதுவாகத் தடவினார்.

“என்னங்க குடுக்குறீங்க?”

“குறையே வைக்கிறதில்லம்மா. வேலைக்குப் போற எடத்துல வரப்போரம் அகத்தி ஒடிச்சுட்டு வருவேன். இல்லன்னா முருங்கக்கீரை.”

“ரெண்டும் வேணாங்க. மனுசனுக்கு நல்லது, இவருக்கு ஆகாது. மொசலுக்குத் திங்கிறதுல வர்ற சுண்ணாம்புச் சத்து மூத்திரத்துலதான் வெளிய போவும். தண்ணி பத்தலன்னா மூத்திரப் பைக்குள்ளயே சேறாத் தங்கிடும். தண்ணி எங்க வைக்கிறீங்க?”

தண்ணீர் வைத்ததே இல்லை என்றேன். அவர் வரிசையாகச் சொன்னார்: அருகம்புல், காய்ந்த புல், அலசி ஈரத்தோடு கொஞ்சம் கீரை. கவிழ்க்க முடியாத கனமான சட்டியில் நல்ல தண்ணீர், எப்போதும். “மூத்திரமே வரலன்னா ஒடனே தூக்கிட்டு வந்துருங்க. நீங்களா வயித்த அமுக்கிடாதீங்க, பை கிழிஞ்சுரும்” என்றார். வலிக்கு மருந்தும் கொடுத்தார்.

வருகிற வழியில் மண்சட்டி வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் முசியேவுக்குக் கேன் தண்ணீர். நான் குடிப்பது போர் தண்ணீர்! அக்காவிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஒன்றுக்கு ஒன்பது பேசுவாள். சட்டியை நிரப்பி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சட்டி தினமும் காலி. எவ்வளவு தாகம் பார், பாவிப்பயலுக்கு! இந்த வெயிலில் வாசல் செடியெல்லாம் கருகிக் கிடக்கிறது, கொல்லையில் அந்தக் கறிவேப்பிலைக் கன்று மட்டும் எப்படியோ தளதளவென்று நிற்கிறது. கர்த்தர் கிருபை.

ஏப்ரல் 30, புதன்

முசியே அருகம்புல்லைத் தொடவில்லை. முதுகு வளைந்து மூலையில் கிடக்கிறான். பல்லை நறநறவென்று கடிக்கிறான். வலிக்கிறபோது அப்படித்தான் கடிக்குமாம்.

டாக்டரம்மா தோளுக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி, கையை எடுத்தார். தூக்கினது தூக்கினபடி நின்றது.

“தண்ணி குடிக்கிற மொசலு மாதிரி இல்லீங்களே.”

“அம்மா, சட்டி தினம் காலியாவுதும்மா!”

“குடிக்கிறத நீங்க கண்ணால பாத்தீங்களா?”

அதென்ன கேள்வி? நான் என்ன பொய்யா சொல்றேன்? வேலையை விட்டுட்டு மொசலு முன்னாடி உக்காந்திருக்கவா முடியும்? கோபமாகத்தான் திரும்பி வந்தேன்.

ஆனாலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

மே 1, வியாழன்

எழுத்து கோணலாப் போவுது, போவட்டும்.

இன்று கோட்டுச்சேரியில் பந்தல் கம்பு நடணும். பாதி வழியில் கடப்பாரையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். கொல்லைப் பக்கம் அக்கா. கையில் முசியேவின் சட்டி. நான் இப்போதுதான் நிரப்பிவைத்த சட்டி! கறிவேப்பிலைக் கன்றில் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றி, முந்தானையால் உள்பக்கம் துடைத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கூண்டுக்குள் வைக்கிறாள்.

“அக்கா! என்னா பண்ணுற நீ?”

“கத்தாத. மொசலு பயப்படும்.”

“தெனமும் இதானா? தெனமும் நீதானா?”

“ஆமாண்டா, நாந்தான்! பின்ன? நீ பாட்டுக்குத் தண்ணிய வச்சுட்டுப் போயிடுற. அது குடிச்சுத் தொலச்சா? கஜா புயலப்ப என்னாச்சு? எம் புருஷன் வீட்டுல தண்ணி பூந்து பதினோரு மொசலும் வெறச்சுக் கெடந்துச்சு. நீயா அள்ளிப் பொதச்ச? நான் பொதச்சேன்.”

“அது வெள்ளத்துல முழுவிச் செத்துச்சு! இது குடிக்கிற தண்ணிடீ!”

அக்காவை டீ என்று சொல்லிவிட்டேன். இந்த வயசு வரைக்கும் சொன்னதில்லை. சொன்னதுக்கு வருத்தமா? இல்ல. இன்னைக்கு இல்ல. ஒரு வாரமா நான் சந்தோசப்பட்டதெல்லாம் கறிவேப்பிலை குடிச்ச தண்ணிக்கு! கர்த்தர் கிருபைன்னு வேற எழுதி வச்சிருக்கேன். படிச்சா எனக்கே அறையணும் போல இருக்கு.

மே 2, வெள்ளி

காலையில் சாக்கு காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை. வயிறு கல்லு.

ஆட்டோ பிடித்தேன். கூப்பிடாமலே அக்கா ஏறி உட்கார்ந்து முசியேவை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். ஆட்டோக்காரர்தான் பாவம், யார் செத்துவிட்டார்கள் என்று கேட்டார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தோம்.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, மெல்லிசுக் குழாய் விட்டுப் பையைக் கழுவினார். வந்தது மூத்திரம் இல்லை, அரிசிமாவுக் கூழ். திரும்பத் திரும்பக் கழுவினார். தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி தண்ணீர் ஏற்றினார். அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். கேட்டது ஒன்றுதான்.

“காட்டு மொசலுக்கு யாரும்மா சட்டி வைக்கிறா?”

“அது ராவெல்லாம் பனியோட பச்சப்புல்லு மேயும்மா. தாகம்னா தேடிப் போவும். இது கூண்டுல கெடக்குதே, எங்க போவும்? நீங்க வச்சாத்தான் உண்டு.”

டாக்டரம்மா அதட்டவில்லை. அவர் அதட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மயக்கம் நன்றாகத் தெளிந்ததும், முசியே தடுமாறி நடந்து வந்து சட்டியில் மூக்கை விட்டான். குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். சின்ன நாக்கு, சளக் சளக் என்று சத்தம். நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தான்.

அக்கா கூண்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஏண்டா பாவி, டாக்டரம்மா சொன்னத எங்கிட்ட ஏண்டா சொல்லல? பகலெல்லாம் இதோட கெடக்குறவ நான். சட்டிய மட்டும் வச்சுட்டுப் போனா எனக்கு என்னா தெரியும்?”

எம்மேலயே திருப்புறா பாரு! நியாயமா இது?

சட்டியை எடுத்து மறுபடி நிரப்பினேன். அவள் சொன்னதும் சரிதான். அதற்கும் சேர்த்துக் கோபம்.

மே 4, ஞாயிறு

பேச்சு இல்லை. பூசைக்கு ஒரே குடையில்தான் போனோம்.

மே 11, ஞாயிறு

இந்த வீட்டில் இனி நான் இருப்பதா முசியே இருப்பதா என்று முடிவு பண்ண வேண்டும். அக்காவின் அதிகாரம் தாங்கவில்லை. கீரையை மூன்று தண்ணீரில் அலசி, உதறாமல் போடுகிறாள். நேற்று பழக்க தோஷத்தில் ஒரு கொத்து அகத்தி கொண்டுவந்தேன். “மொசலக் கொல்லவா வந்த?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு எனக்குப் பொரியல் பண்ணிப் போட்டாள். கேன் தண்ணீரை நான் ஒரு டம்ளர் எடுத்தால் முறைக்கிறாள். ஆபித் கடைக்கே நடந்துபோய், “ஒன் தலையில ஒரு குடம் ஊத்துறேன், நீ சாவுறியான்னு பாப்பம்” என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவன் எனக்குப் போன் பண்ணி அழுகிறான். அழட்டும்.

கறிவேப்பிலைக் கன்று வாடித் தொங்குகிறது. அதற்கு ஊற்ற இப்போது யாரும் இல்லை. அக்காவிடம் சொன்னால் அதற்கும் நான்தான்—

கூப்பிடுகிறாள்.

“அடைக்கலம்! டேய்! எம் புதுச் சேலையெல்லாம் நனச்சுட்டாண்டா ஒன் முசியே! ஓடியாந்து பாரு, மாவே இல்லடா, தெளிவா இருக்குடா!”

அவள் திட்டுகிறாளா, இல்லை சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறாளா? போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.