நெற்றியில் இரண்டு சுழி

மார்ச் 4, செவ்வாய்

‘இறந்துவிட்டது’ என்ற சொல்லை இன்று ப்ரீடாவிடம் சொல்லவில்லை. அது என் கணினித் திரையில் இருந்தது. அவள் தொலைபேசியில் இருந்தாள். “இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்” என்றேன்.

ஒவ்வொரு பந்தயக் குதிரையும் பிறந்தது முதல் சாகும்வரை எங்கே, யாரிடம் இருக்கிறது என்று பதிந்துவைப்பதுதான் எங்கள் வேலை. ப்ரீடா தேடுவது ஸ்லேட் குவாரி என்ற குதிரையை. அவள் வைத்த செல்லப் பெயர் பட்டன். ஆறு வருடம் தன் கையால் தேய்த்து வளர்த்திருக்கிறாள். மூன்று வருடம் முன்பு அவள் வேலை பார்த்த லாயம் மூடியபோது ஒரு தரகனின் லாரியில் போய்விட்டான். இப்போது அவளுக்கென்று கொஞ்சம் புல்வெளி கிடைத்திருக்கிறது.

“வாழைப்பழத்தைத் தோலோட தின்பான், கண்ணு. அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம்.”

பதிவேட்டில் வாழைப்பழத்துக்கு இடம் இல்லை.

மார்ச் 6

இரக்கத்தாலா சொல்லவில்லை, கோழைத்தனத்தாலா? இரண்டுக்கும் குரல் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

மார்ச் 12

செல்டனம் வாரம், வருடத்தின் பெரிய குதிரைப் பந்தயம். ஆபீஸ் முழுக்க டிவி முன்னால். “ஐலிஷ், ஓடுற குதிரையைக் கொஞ்சம் வந்து பாரேன், புண்ணியமாப் போகும்!” என்று ஃபின்டன் கத்தினான். போகவில்லை. பட்டனின் இறப்புத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குதிரையின் கழுத்துத் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பின் எண் எழுத வேண்டிய கட்டம் காலி. சடலத்தை எடுத்தவர்கள் குதிரையோடு வரும் பாஸ்போர்ட் புத்தகத்தை மட்டும் பார்த்துப் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதே நாள், அதே லாரியில் ஏறிய இன்னொரு குதிரையின் பெயர் டவுன் கிளார்க். அதே வயது, அதே பழுப்பு நிறம், இருவர் உடம்பிலும் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. பாஸ்போர்ட் படத்தில் சுழிகளுக்குப் பெருக்கல் குறி போடுவார்கள். பட்டனின் நெற்றியில் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்று. டவுன் கிளார்க்குக்கு ஒன்றுதான்.

பதிவேட்டின்படி டவுன் கிளார்க் இப்போது கிளேர் மாவட்டத்தில் ஒரு சவாரிப் பள்ளியில்.

இருவர் பாஸ்போர்ட்டும் மாறிப்போயிருந்தால்? ஆசைப்படாதே, ஆசைப்படாதே.

மார்ச் 13

பள்ளியை நடத்தும் டெர்வ்லாவிடம் நெற்றியைப் பார்க்கச் சொன்னேன்.

“ரெண்டு சுழி. புத்தகத்துல ஒண்ணுதான் போட்டிருக்கு. வரைஞ்சவன் குடிச்சிருப்பான்னு நெனச்சோம்.”

“வாழைப்பழம் தின்பானா?”

“ஐயோ, அதை ஏன் கேக்குற! பிள்ளைங்க சாப்பாட்டுப் பையை ஒண்ணு விடாம மேய்ஞ்சிருவான்.”

மார்ச் 14

டெர்வ்லா சிப்பைப் படித்து எண்ணை அனுப்பினாள். மூன்று முறை சரிபார்த்தேன். பட்டன்!

மார்ச் 18, செவ்வாய்

ப்ரீடாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வாரம் மறைத்ததையும். சிரித்தாள், அழுதாள், திட்டினாள். பிறகு கேட்டாள்:

“அப்போ செத்தது கிளார்க்கா?”

“ஆமா.”

“அடுத்த கொட்டில்தான் அவன். பக்கெட்டை உதைச்சுதான் என்னை எழுப்புவான்.” பிறகு தானே சொன்னாள்: “டிரைவர்கிட்ட பாஸ்போர்ட்டைக் குடுத்தது நான்தான். இது இவன், அது அவன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். திறந்து பாக்கல. எனக்குத் தெரியாத குதிரையா, கண்ணு?”

கிளார்க்கின் பக்கத்தில் இறந்த தேதியைப் பதிந்தேன். இத்தனை நாள் அவனை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2

ப்ரீடா கிளேருக்குப் போய் வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கேட்டால் டெர்வ்லா கொடுத்திருப்பாள், இவள் கேட்கவில்லை. “ஒரு குட்டிப் பொண்ணு அவன் காதுல ரகசியம் பேசுது. அவனும் நின்னு கேக்குறான். நான் யாரு பிரிக்க?”

பிறகு, “யாரும் கேக்காத குதிரை உன் லிஸ்ட்ல இருக்கா?”

ஏப்ரல் 27, ஞாயிறு

பதினாறு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று நேற்று ப்ரீடாவின் புல்வெளிக்கு வந்தது. லாரியின் கதவைத் திறப்பதற்கு முன் ப்ரீடா பாஸ்போர்ட்டை வாங்கி விரித்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுழிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.