ஓமுமில்லை, இல்லையுமில்லை

03.06.2025, செவ்வாய்

அறையின் மின்விசிறி ஒரு கிழமையாகச் சுற்றவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்வது என் பொறுப்பு. மூன்று தரம் முற்றத்தில் அவரைக் கண்டேன். மூன்று தரமும் ஸலாம் சொல்லி, நன்றாகச் சிரித்துவிட்டு வந்தேன். இன்று அறைத் தோழன் வினோஜ் எழும்பி வெளியே போனான், ஒரு நிமிடத்தில் திரும்பினான். "பின்னேரம் ஆள் வருமாம்." அவ்வளவுதான். பெரியநீலாவணைக்காரனுக்கு வாய் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, சாப்பிட.

நல்ல செய்தி: எங்கள் இருவரின் இறுதி வருட புரொஜெக்டுக்கு கம்பஸில் சேர் சம்மதித்துவிட்டார். பக்கத்து ஊர் டிஸ்பென்சரி ஒன்றில் சனிக்கிழமைகளில் சீனி வருத்த நோயாளிகளுக்கு கிளினிக் நடக்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று அங்குள்ள றாஹிலா மிஸ்ஸுக்கு ஒருநாளும் தெரிவதில்லை. எங்கள் புரோகிராம் கிளினிக்குக்கு முதல் நாள் எல்லோருக்கும் தானாகவே போன் எடுக்கும், "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்கும், பதிலைக் கேட்டுக் கணக்குச் சொல்லும். ஓம், அல்லது இல்லை. இதைவிட லேசான புரொஜெக்ட் எங்கள் வருடத்துப் பெச்சில் யாருக்கும் இல்லை என்கிறான் வினோஜ். பாலமுனையில் இந்த அறையிலேயே இருந்து முடித்துவிடலாமாம்.

07.06.2025, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

மருதமுனை, எங்கள் வீடு. தொழுகையும் சாப்பாடும் முடிந்து எல்லோரும் முன் அறையில் இருந்தோம். மிஹ்லார் மச்சான் வீடியோவில் வந்தார். என் அக்கா றுக்ஸானா ராத்தாவின் கணவர், கத்தாரில், தோஹாவில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் சுப்பர்வைசர். நான் கோட் எழுதுகிற லெப்டொப் அவர் அனுப்பியது, நான் கேட்காமலே அனுப்பியது. ராத்தா போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் பிடித்தார்.

"தம்பி, எங்கட கொம்பனில விசா ஒண்டு இரிக்கி. மெனேஜரோட கதைச்சிட்டன். உனக்குப் போடட்டா?"

படிப்பு முடிய ஐந்து மாதம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உம்மா பார்க்கிறார், வாப்பா பார்க்கிறார், ராத்தா பார்க்கிறார். திரையில் மச்சானும் பார்க்கிறார். பெருநாளன்றும் யூனிபோமோடு, சாமான் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிறார் மனிதர்.

"இன்ஷா அல்லாஹ் மச்சான்" என்றேன்.

எல்லோருக்கும் சந்தோஷம். உம்மா எனக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார்.

10.06.2025, செவ்வாய்

நான் சம்மதித்தேனா? இல்லை. மறுத்தேனா? அதுவும் இல்லை. பெருநாளும் அதுவுமாக ஒருவருடைய முகத்துக்கு நேரே ஏலாது என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் ஆறப்போட்டால் மச்சான் தானாக விளங்கிக்கொள்வார். எங்கள் ஊர் மனிதர்தானே.

19.06.2025, வியாழன்

மச்சானிடமிருந்து வட்ஸ்அப்: "பாஸ்போட் கொப்பிய அனுப்பு." நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். பதில் போடாமல் இருந்தால் மரியாதை இல்லை. அனுப்பிவிட்டேன்.

கொப்பி அனுப்பினால் போவதாக ஆகிவிடாதுதானே? — யாரைக் கேட்கிறேன் நான்.

16.07.2025, புதன்

பேச்சை எழுத்தாக்க ஆயத்தமாகக் கிடைக்கிற தமிழ் மொடல் வேறு கரையின், இந்தியத் தமிழைக் கேட்டுப் பழகியது போலிருக்கிறது. வயதானவர் ஒருவர் "மிஸ்ஸோட கதைக்கணும்" என்றதற்கு, அவருக்குப் பேச வேண்டாமாம், கதை வேண்டுமாம் என்று எழுதி வைத்திருந்தது. வினோஜ் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான். ஆகவே எங்கள் பேச்சை நாங்களே பழக்க வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு குரல் பதில்கள் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் இது ஓம், இது இல்லை என்று லேபல் போட வேண்டும். அந்த வேலை எனக்கு. சோனகப் பேச்சு, முஸ்லிம் ஆக்களின் பேச்சு, உனக்குத்தான் விளங்கும் என்றான் வினோஜ்.

பாதியில் ஒரு பதில் வந்தது: "இன்ஷா அல்லாஹ்." அதற்கு அடுத்ததும் அதே. வினோஜ் கேட்டான்:

"இதென்னடா, ஓமா இல்லையா?"

"ஓம்தான். அல்லாஹ் நாடினா வருவம் எண்டு அர்த்தம்."

எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன்.

02.08.2025, சனி

முதல் பரீட்சார்த்தம். புரோகிராம் முப்பத்தெட்டுப் பேர் என்றது. றாஹிலா மிஸ் முப்பத்தெட்டு நம்பர் துண்டு வெட்டி, இரத்தம் எடுக்கிற சாமான்களையும் அடுக்கி வைத்திருந்தார். வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்து பார்த்தோம். ஓம் என்றோ வாறன் என்றோ சொன்ன பதினாறு பேரும் வந்திருக்கிறார்கள். வெறுமனே இன்ஷா அல்லாஹ் என்றவர்கள் இருபத்திரண்டு பேர். வந்தது ஏழு.

மிஸ்ஸுக்கு ஆச்சரியமே இல்லை. "தம்பி, வாறன், இன்ஷா அல்லாஹ் எண்டு செல்ற ஆக்கள் வருவாங்க. மொட்டையா இன்ஷா அல்லாஹ் மட்டும் எண்டா வர விருப்பமில்ல, உங்கட மனச நோகடிக்கவும் ஏலா எண்டு அர்த்தம். இதக்கூடத் தெரியாமயா கம்பஸ்ல படிக்கீங்க?"

வினோஜ் என்னைப் பார்த்தான். "டேய் முஸ்தாக், நீ சோனகன்தானே?"

சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்புப் போய்விட்டது. பெருநாளன்று நான் சொன்னதில் வருகிறேன் என்ற சொல் எங்கே இருந்தது? மொட்டையாகத்தான் சொன்னேன். மிஸ் கேட்டிருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பார். மச்சான் பிடிக்கவில்லை. என்னைப்போல அவரும் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுவிட்டார்.

இன்றே சொல்ல வேண்டும்.

03.08.2025, ஞாயிறு

சொல்லவில்லை.

14.08.2025, வியாழன்

விசா வந்துவிட்டது. என் பெயர், என் பாஸ்போட் நம்பர், சின்னப் படத்தில் என் முகம். செப்டம்பர் பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும். புரொஜெக்டின் வாய்மொழிப் பரீட்சை, வைவா, நவம்பரில். போனால் படிப்பு இல்லை. திரும்பி வந்து முடிக்கலாம் என்று ராத்தா சொல்கிறார். அப்படித் திரும்பி வந்து முடித்த ஒருவரை எனக்குக் காட்டட்டும்.

ராத்தா குரல் செய்தியும் அனுப்பியிருந்தார். குரலில் அவ்வளவு பூரிப்பு. "எல்லாருக்கும் செல்லிட்டன்டா தம்பி!" நாலு தரம் கேட்டேன்.

17.08.2025, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மச்சானுக்குப் பகல் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போன் எடுத்தேன். லைப்ரரிக்குப் பின்பக்கம், ஆள் இல்லாத இடம். ஸலாமுக்கு அடுத்த வார்த்தையே அதுதான். இடையில் சுகம் விசாரிக்கப் போனால் மறுபடி வழுக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"மச்சான், நான் வரல்ல."

"எங்க வரல்ல?"

"கத்தாருக்கு. படிப்ப முடிக்கணும். முதல் நாளே செல்லியிருக்கணும். என்ட பிழைதான்."

அந்தப் பக்கம் ட்ரொலிகள் உருண்டன.

"பெருநாளண்டு இன்ஷா அல்லாஹ் எண்டு செல்லினாயே."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உன்ட வார்த்தைய நான் நம்பல்லடா. அல்லாஹ்ட பேரச் செல்லினாய் எண்டுதான் நம்பினன்."

வைத்துவிட்டார்.

வெட்கம். வேறு சொல் இல்லை. மார்க்கத்தில் இன்ஷா அல்லாஹ் என்பது ஒரு காரியத்தைச் செய்ய நினைத்தவன் சொல்கிற சொல். நான் செய்ய நினைக்காத காரியத்துக்கு அதைப் போர்வையாகப் பிடித்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனை தரம் — அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

20.08.2025, புதன்

ராத்தா என் போனை எடுக்கிறார் இல்லை. உம்மா மட்டும் எடுத்தார். "மிஹ்லார் மெனேஜருக்கு முன்னால தலையக் குனிஞ்சிட்டு நிண்டாராம், மகன்" என்றார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

26.08.2025, செவ்வாய்

வேலை மட்டும்தான் கை கொடுக்கிறது. லேபல்கள் முழுவதையும் திரும்பக் கேட்டுப் புதிதாகப் போட்டேன். ஓம், இல்லை, மொட்டை. மூன்றாவது வகைக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தோம். திரும்பவும் "வருவீங்களா?" என்று கேட்டால் திரும்பவும் அதே பதில்தான் வரும். கடைசியில் வினோஜ் ஒரு வசனம் எழுதினான். அதை மேனுஜாவின் குரலில் பதிந்தோம், எங்கள் பெச்சில் நல்ல குரல் அவளுக்குத்தான்: "நாளைக்கு வர ஏலாட்டிப் பரவாயில்ல. வேற ஒரு நாள் தரட்டா?"

13.09.2025, சனி

புரோகிராம் இருபத்தேழு பேர் என்றது. இருபத்தாறு பேர் வந்தார்கள். வராத ஒருவர் பேத்தியின் காதுகுத்துக்குப் போனாராம், ஆள் அனுப்பிச் சொன்னார். மொட்டையாகப் பதில் சொன்னவர்களில் பதினொரு பேர் இரண்டாவது கேள்விக்கு உடனே வேறு நாள் கேட்டிருக்கிறார்கள். ஒரு மனுசி, "அல்லாஹ்வே, இத முதல்ல கேட்டிருக்கலாமே மகள்" என்று மெஷினோடு கதைத்திருக்கிறார்.

மிஸ் எங்கள் இருவருக்கும் பிளேன்டீ தந்தார். மனிதருக்கு இல்லை என்று சொல்ல ஒரு லேசான வழி கொடுத்தால் போதும், உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு யாரும் அப்படிக் கேட்கவில்லை என்று குறைப்படப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். மெஷினுக்குப் பதில் சொல்கிறவர்களுக்கு எழுபது வயது. எனக்கு இருபத்தைந்து.

15.09.2025, திங்கள்

விசா இன்றோடு முடிந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

22.10.2025, புதன்

புரொஜெக்ட் அறிக்கை கொடுத்தாயிற்று. மச்சானுக்கு மூன்றாவது தரமாக ஸலாம் அனுப்பினேன். பார்த்திருக்கிறார். பதில் இல்லை. ராத்தாவும் நான் வீட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்துத் தன் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

12.11.2025, புதன்

வைவா முடிந்தது. சேர்மார் இருவர் மூன்றாவது வகையைப் பற்றித்தான் கேட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை. முதலில் போட்ட லேபல் பிழை, போட்டது நான்தான் என்றேன். ஒருவர் குனிந்து ஏதோ எழுதினார். பிறகு இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் வினோஜ் என் முதுகில் ஓங்கி அடித்தான். நன்றாக முடிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நேரே வீட்டுக்கு வந்தேன். ராத்தா இருந்தார். எனக்காகத்தான் வந்திருந்தார் போல, தேத்தண்ணி ஊற்றி முன்னால் வைத்தார்.

"உன்ட சோதின எப்பிடி எண்டு அவர் காலையிலருந்து ரெண்டு தரம் கேட்டுட்டார்."

"அப்ப என்னோட ஏன் கதைக்காரில்ல?"

"கோவம் எண்டா நினைக்காய்?" ராத்தா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தோஹாவில அவர்ட அறையில ஏழு பேர். தமிழ் கதைக்க ஒரு ஆள் இல்ல. ஆறு வருஷம். நீ வாறாய் எண்டதும் கீழ்க் கட்டில உனக்கு ஒதுக்கிட்டு அவர் மேல் கட்டிலுக்கு மாறினவர். முழங்கால் வருத்தத்தோட ரெண்டு மாசம் ஏறி இறங்கினவர்டா."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இத ஏன் ராத்தா எனக்குச் செல்லல்ல?"

"நீ உன்ட மனசுல இருந்ததச் செல்லினியா?"

பின்னேரம் மச்சானுக்கு எடுத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார். வைவாவைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். ஊர்க் கடலில் என்ன மீன் படுகிறது என்று கேட்டார், கீரி மீன் படுகிறது என்றேன். முழங்காலுக்கு என்ன மருந்து என்று நான் கேட்டேன். விசாவைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. கீழ்க் கட்டிலில் இப்போது யார் என்று கேட்டேன்.

"நேபாளத்துக்காரன் ஒருத்தன். நல்ல மனுசன். ஒரு சொல் விளங்காது."

நாற்பது நிமிடம். நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் கதைத்தது இதுதான் முதல் தரம். வைக்கும்போது, நாளைக்கும் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"எடு" என்றார்.

13.11.2025, வியாழன்

எடுத்தேன். இன்று, ஊர்க் கதையின் நடுவில், அவர் அழுதார்.