தோள்மேல் ஒரு கை

ஜூலை 28, திங்கள்

எட்டாம் வகுப்பில் கிரகணப் பாடம் நடத்தியபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், மறைஞ்சு போறதும் இல்லாமப் போறதும் ஒண்ணுதானா?" மேசைமேல் சாக்பீஸை வைத்து, டஸ்டரால் மூடி, "சாக்பீஸ் எங்கே?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முன்னால் வந்து டஸ்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நல்ல மாணவி.

ஓய்வு பெற்ற பிறகு அதே கேள்வி இன்று லேப்டாப்பில் வந்து நிற்கிறது. ஆவணியில் மகள் சுதாவுக்குக் கல்யாணம். வாசல் கேட்டில் மாட்டும் பேனரை நானே செய்வேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். சுதா தன் பழைய லேப்டாப்பில் படம் திருத்தும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, "எது வேணா பண்ணுங்கப்பா, ஒரிஜினலை மட்டும் தொடாதீங்க" என்றாள்.

தாட்சாயிணி தனக்கென்று தேர்ந்தெடுத்த படம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் எடுத்தது. வாய்விட்டுச் சிரிக்கிறாள். என் மனைவி அப்படிச் சிரிக்கும் படம் வீட்டில் வேறு இல்லை. ஒரே சிக்கல், பக்கத்தில் அவள் தம்பி கஜபதி அக்கா தோளில் கை போட்டு நிற்கிறான்.

"அந்தாளு வேணாம். அழிச்சிடுங்க."

பெண்ணுக்குத் தாய்மாமன் அவன். அவன் இல்லாமல் சுதாவை மேடைக்கு யார் கைபிடித்து அழைத்து வருவது? கேட்க நினைத்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவளும்தான்.

ஜூலை 30, புதன்

அழிக்கவில்லை. மறைத்தேன்.

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம். அதைத் தட்டினால் அந்தத் தாள் தெரியாது. மறுபடி தட்டினால் தெரியும். எனக்கு இது வருகைப் பதிவேடு மாதிரி. வராத பையனுக்கு 'ஆ' போடுவோமே தவிர, பெயரையே அடித்துவிடுவதில்லை.

ஒரே தாளில் பாதி ஆளை மறைக்க மாஸ்க் உண்டு. அதில் கறுப்புத் தூரிகையால் பூசினால் மறையும், வெள்ளையால் பூசினால் திரும்ப வரும். தாட்சு ராத்திரி ஸ்டிக்கர் பொட்டை எடுத்து பீரோ கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். காலையில் அது நெற்றிக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

"அழிச்சாச்சா?"

"இனிமே தெரிய மாட்டான்."

இது பொய்யா? இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் கஜபதியை முழுக்க மறைத்தால் தாட்சுவின் தோளில் ஒரு ஓட்டை விழுகிறது. அவன் கை இருந்த இடத்துக்கு அடியில் அவள் புடவை கேமராவில் பதியவே இல்லை. பக்கத்துப் புடவையை நகலெடுத்து அங்கே ஒட்டுப்போட வேண்டியிருந்தது. கிட்டே போனால் தையல் தெரியும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சண்டையின் காரணத்தை நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

கஜபதி நூம்பலில் வீடு கட்டினான். கிரகப்பிரவேச பேனரில் மேஸ்திரி முகம்கூட இருந்தது. அக்கா முகம் இல்லை. அவள் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் கடைக்காரர் அவர் படத்தை அக்கா படத்தின்மேல் வைத்துவிட்டார், அப்புறம் எடுக்கச் சொன்னால் எடுக்க முடியாது என்றுவிட்டார் என்பது கஜபதியின் கட்சி. மேலே வைத்ததை ஏன் எடுக்க முடியாது என்பது தாட்சுவின் கட்சி. கை நனைக்காமலே கிளம்பி வந்துவிட்டாள். புது வீட்டில் அக்கா ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அவனுக்கும் மனசு விட்டுப்போயிற்று.

தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்க அக்காதான் தட்டோடு போகவேண்டும். நான் மட்டும் போனால் மரியாதை இல்லை. போனில் கேட்டால், "அக்கா ஒரு வார்த்த கூப்புடட்டும் மாமா, ஓடி வர்றேன்" என்கிறான். இவளோ, அவனே வந்து கேட்கட்டும் என்கிறாள்.

நடுவில் நான். என் கையில் ஒரு வெள்ளைத் தூரிகை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒட்டுப்போட்ட தாளின் கண்ணை அணைத்துவிட்டு, மாஸ்க்கில் வெள்ளையால் கொஞ்சமாகப் பூசினேன். தாட்சுவின் தோளில் நான்கு விரல் நுனிகள் முளைத்தன. கலர் சரியாக இருக்கிறதா என்று கேட்பது போலக் காட்டினேன்.

"இது இன்னாங்க, பல்லி மாரி?"

கம்ப்யூட்டர் மிச்சம் வைத்திருக்கும் என்றேன். துடைக்கச் சொன்னாள். துடைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று கட்டைவிரலையும் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மணிக்கட்டு வரை வந்துவிட்டான். கைக்கடிகாரத்தோடு. அவன் எஸ்டேட் தொழிற்சாலையில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் வாங்கிக் கொடுத்த கடிகாரம். தாட்சு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரு வாட்ச்செல்லாம் கட்டுமா?"

மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு. எனக்கு எதுக்கு இந்த வேலை?

அவன் எங்கிருந்து வருகிறான் என்று கேட்டாள். ஆசிரியன் அல்லவா, விளக்காமல் இருக்க முடியுமா? கறுப்பு, வெள்ளை, ஸ்டிக்கர் பொட்டு எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். அழகாகப் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு கேட்டாள்:

"மறைச்சது திரும்ப வருதில்ல? அப்போ என்னிய மட்டும் ஏன் திரும்பக் கொண்டார முடியல? வேணும்னுட்டுதான் பண்ணியிருக்கான்."

சேர்த்துவைக்கப் போய், மைத்துனனைப் பொய்யனாக நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன். நான் நடத்திய பாடங்களிலேயே மாணவிக்கு முழுசாகப் புரிந்தது இதுதான்.

ஆகஸ்ட் 9, சனி

 காபி வந்தது. சர்க்கரை வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பாடத்தைப் பாதியில் நிறுத்தினால் இதுதான் கதி. மீதிப் பாதியை இன்று நடத்தினேன். பேசாமல்.

ஏரிக்கரைப் படத்தின் நகல் ஒன்றில் தாட்சுவின் முகத்தின்மேல் என் பாஸ்போர்ட் போட்டோவை வைத்தேன். எல்லா லேயரையும் ஒன்றாக்கி, சேமித்து, மூடி, மறுபடி திறந்தேன். மவுஸை அவளிடம் தள்ளினேன். "என்னை எடுத்துட்டு உன்னை வெளியே கொண்டுவா."

என்னை அழிப்பதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. மீசை போயிற்று, நெற்றி போயிற்று. அடியில் வெறும் வெள்ளை.

"நான் எங்கங்க?"

"இல்ல."

"அடியில கூடவா?"

"அடின்னே ஒண்ணு இல்ல தாட்சு. இப்போ இது ஒரே தாளு."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊறும்வரை பிரிக்கலாம், கரைத்துவைத்த மாவில் எதைப் பிரிப்பது என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தோன்றாத உதாரணம். நான் பள்ளியில் இருந்தபோது இவள் சொல்லியிருக்கலாம்.

"அப்போ கஜா சொன்னது..."

முடிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாதி பதிலுக்கும் மதிப்பெண் போட்டுப் பழகியவன் நான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு வாரமாக நூம்பல் என்ற சொல்லே வீட்டில் இல்லை. புரிந்துவிட்டது, ஆனால் இத்தனை நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு எப்படிப் போய் நிற்பது என்கிற வெட்கம். கோபத்தைவிட இது பிடிவாதமான சாமான்.

பேனருக்கு நாள் நெருங்கிவிட்டது. எஸ்டேட் பக்கம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெபா போனில் விரட்டினாள். "சார், லேயரோட அனுப்பாதீங்க, என் சிஸ்டம் படுத்துக்கும். ஒண்ணாக்கி அனுப்புங்க. அனுப்புனதுக்கப்புறம் அத மாத்து இத மாத்துன்னு வரக்கூடாது."

தாட்சுவிடம் இரண்டு படங்களைக் காட்டினேன், கை உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. கை இல்லாததைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்க நேரமாயிற்று.

ஜெபாவுக்குப் போனது கை உள்ளது. வேண்டுமென்றே அனுப்பினேனா? இந்த நாட்குறிப்பை தாட்சு எடுத்துப் படிப்பதுண்டு. ஆகவே, தவறுதலாகத்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் பந்தக்கால் நட்டோம். பேனரை கேட்டில் கட்டினார்கள். சுதா, மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார், நான். நடுவில் தாட்சு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். தோள்மேல் கடிகாரம் கட்டிய ஒரு கை. மணிக்கட்டுக்கு அப்பால் யாரும் இல்லை.

தாட்சு என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை.

அதற்குள் எதிர்வீட்டு நாகம்மா வந்துவிட்டாள். மண்ணூர்பேட்டையில் நாகம்மா கண்ணுக்குத் தப்பிய பேனர் கிடையாது.

"இன்னா சாரூட்டம்மா, தோள் மேல கை கீது, ஆளக் காணோம்? யார் கை இது?"

பந்தல் போட வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பேயின் கை என்று ஒரு குரல். சார் கை இவ்வளவு கறுப்பு இல்லையே என்று இன்னொரு குரல். நான் பந்தக்காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அது என்னை மறைக்கும் அளவுக்குப் பருமன் இல்லை.

"என் தம்பி கை," என்றாள் தாட்சு.

"ஆளு எங்க?"

"வருவான்."

அவ்வளவுதான். உள்ளே போய்ப் புடவை மாற்றினாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. எங்கே போகிறோம் என்று ஆட்டோக்காரரிடம்தான் சொன்னாள். ஆட்டோ வேலப்பஞ்சாவடி தாண்டி நூம்பலுக்குள் திரும்பியது.

கஜபதி லுங்கியோடு வந்து கதவைத் திறந்தான். அக்காவைப் பார்த்ததும் உள்ளே திரும்பி ஓடினான், சட்டை போட. அவன் வரும்வரை தட்டோடு வாசலிலேயே நின்றாள். வந்தான், பட்டனைத் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டு. பத்திரிகை பற்றிப் பேசவில்லை அவள்.

"சோறு கீதா? சாப்புட வந்தேன்."

 தட்டை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

முதல்நாள் சாம்பார்தான். மூன்று தடவை போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று கல்யாணம் முடிந்தது. சுதாவை மாமன்தான் கைபிடித்து மேடைக்கு அழைத்துவந்தான். நடந்த தோரணையைப் பார்த்தால் கல்யாணமே அவனுக்குத்தான் என்று தோன்றும்.

மண்டப வாசலில் இரண்டாவது பேனர். அதில் கஜபதி முழு ஆளாக நிற்கிறான். மாஸ்க்கில் வெள்ளை பூசியது நான் அல்ல. தாட்சு என்னைப் பக்கத்தில் உட்காரவே விடவில்லை. கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டாள். அவன் முழங்கையோடு ஏரிக்கரைச் சுவரும் சேர்ந்து வந்திருக்கிறது. சரிசெய்கிறேன் என்றேன். "இருக்கட்டும், தொடாதீங்க" என்றாள்.

கை மட்டும் உள்ள பேனரை கஜபதி அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். மழைக்கு வண்டி மூட ஆகுமாம். "எல்லாம் சரி மாமா, என்னிய மணிக்கட்டோட நிறுத்திட்டீங்களே" என்று கிளம்பும்போது கேட்டான். தவறுதலாக என்றேன். அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.

ஏரிக்கரைப் படத்தின் லேயர் உள்ள கோப்பை அப்படியே வைத்திருக்கிறேன். ஒன்றாக்கியதெல்லாம் நகல்தான்.

இதைப் படிக்கிறவர் செய்து பார்க்க ஒரு பயிற்சி: பிடிக்காத ஒருவர் இருக்கும் படத்தைத் திறந்து, அவரை அழிக்காமல் மாஸ்க் போட்டுக் கறுப்பால் மறையுங்கள், ஒரு வாரம் கழித்து வெள்ளைத் தூரிகையை எடுத்து, விரல் நுனியிலிருந்து தொடங்குங்கள்.